வரவுசெலவு தெரிந்த ஒருவரையும் ஆலோசனை அறையில் உட்கார வையுங்கள்

தமிழ்நாடு மாநிலச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவினருக்கும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்களின் செயலாளர்களுக்கும், குடும்பநல நீதிமன்றங்களின் ஆலோசகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். பொதுத்துறை வங்கி ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, கிளை மேலாளராக ஓய்வுபெற்று, அதன்பின் சில ஆண்டுகள், மாவட்டத்தின் வங்கிப் பணிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி நடத்தும் நிதிசார் கல்வி மையத்தில் ஆலோசகராக இருந்தவள் நான். சட்டம் படித்தவள் அல்லேன். ஆனாலும், மணமுறிவை நோக்கி நகரும் குடும்பங்களை அவை உங்கள் வாசலுக்கு வருவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பே நகைக்கடன் கவுண்டரிலும் தனிநபர் கடன் மேசையிலும் பார்த்துவிடுகிற தொழில் என்னுடையது. அந்தப் பழக்கத்திலிருந்து ஒரே ஒரு வேண்டுகோளை வைக்கவே இதை எழுதுகிறேன். குடும்பநல நீதிமன்றத்தின் ஆலோசனை அறையில், மனம் அறிந்து பேசத் தெரிந்தவரோடு வரவுசெலவு பார்க்கத் தெரிந்த ஒருவரும் அமர வேண்டும். கணவன் மனைவியின் பணக் கணக்கு, ஜீவனாம்ச வழக்கில் ஆயுதமாக வெளிவருவதற்கு முன்னால், அந்த அறையில் பேச்சாக ஒருமுறையேனும் வெளிவர வேண்டும்.

உங்கள் முன் வரும் மனுக்களில் பணம் பெரும்பாலும் தன் பெயரில் வருவதில்லை. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் தன் 13-ஆம் பிரிவில் மணவிலக்குக்கான காரணங்களை அடுக்கும்போது கொடுமை, கைவிட்டுச் செல்லுதல், திருமணத்துக்குப் புறம்பான உறவு, மதமாற்றம் என்று சொல்லிச் செல்கிறது. ‘வீட்டுக் காசு போகும் வழி எனக்குத் தெரியவில்லை’ என்பதற்கு அங்கே இடமில்லை, இருக்கவும் முடியாது. ஆகவே அந்த மனக்குறை வழக்கறிஞரின் மேசையில் கொடுமையாக உருமாறுகிறது. சம்பளக் கவரைத் தாயிடம் கொடுத்துவிட்டு மனைவியைப் பேருந்துக் காசுக்கும் கையேந்த வைத்தது மனுவில் மன உளைச்சலாகிறது. சொல்லாமல் குழுக் கடன் வாங்கியது எதிர்மனுவில் நடத்தைக் குறையாகிறது. கொடுமை என்று ஒருமுறை எழுதிவிட்டால் எழுதியவர் அதை நிரூபித்தாக வேண்டும், எழுதப்பட்டவர் அதை மறுத்தாக வேண்டும், இருவருக்கும் பின்வாங்க வழியில்லாமல் போகிறது. 1976-இல் சேர்க்கப்பட்ட 13பி பிரிவின் கீழ்ப் பரஸ்பர சம்மதத்தோடு வருபவர்களுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. ஆனால் அங்கேயும் பேசப்படுவது ‘எவ்வளவு தருகிறாய், எத்தனை தவணையில் தருகிறாய்’ என்பதுதான். மனு கொடுத்தபின் காத்திருக்க வேண்டிய ஆறு மாதத்தைக்கூடத் தகுந்த வழக்குகளில் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லிவிட்ட பிறகு, பணம் எங்கே பிசகியது என்று திரும்பிப் பார்க்க அவர்களுக்கு நேரமும் இல்லை.

பணத்துக்கும் மணவிலக்கு எண்ணத்துக்கும் உள்ள உறவை அமெரிக்காவில் நெடுநாளாக ஆராய்ந்து வருகிறார்கள். ஜான் கிரேபிள், சோன்யா பிரிட் முதலியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, தம் பணநிலையில் நிறைவோடு இருப்பவர்களுக்கு மணவிலக்கைப் பற்றிய நினைப்பு எழுவது குறைவு என்று காட்டியது. 2009-இல் லாரன் பாப் குழுவினர், நூறு தம்பதியரை வீட்டுச் சச்சரவுகளை நாட்குறிப்பில் பதியச் சொல்லி ஆராய்ந்தபோது, பணத்தைப் பற்றிய சண்டை எண்ணிக்கையில் முதலிடத்தில் இல்லை. ஆனால் அதுவே திரும்பத் திரும்ப வருவதாகவும், கசப்பு மிகுந்ததாகவும், எவ்வளவு பேசினாலும் முடிவுக்கு வராததாகவும் இருந்தது. 2012-இல் ஜெஃப்ரி டியூவும் உடன் ஆய்வாளர்களும், பிள்ளைகள், வீட்டு வேலை, உறவினர்கள் என்று எதைப் பற்றிய சச்சரவையும்விடப் பணச் சச்சரவே பின்னாளைய மணமுறிவை வலுவாக முன்கூட்டிச் சொல்கிறது என்று கண்டார்கள். கைச்சிக்கனக்காரரும் தாராளச் செலவுக்காரரும் ஒருவரையொருவர் விரும்பித் தேடிக் கட்டிக்கொண்டு பிறகு அதற்காகவே சண்டையிடுகிறார்கள் என்றும் அங்கே ஓர் ஆய்வு உண்டு. நம் ஊரில் தேடுவது பெற்றோரும் தரகரும் என்றாலும் அந்த ஜோடி எப்படியோ அமைந்துவிடுகிறது. பத்துப் பொருத்தத்தில் இதைப் பார்க்கக் கட்டம் இல்லை.

இந்த முடிவுகளில் வங்கிக்காரியான எனக்கு வியப்பு ஒன்றுமில்லை. இருவரும் அரசுச் சம்பளம் வாங்கும் வீட்டில் மாதம் பிறந்ததும் சண்டை தொடங்குவதையும், நெல் அரவை ஆலையில் கூலி வேலை பார்க்கும் கணவனும் பூ கட்டும் மனைவியும் சனிக்கிழமைதோறும் சேர்ந்து வந்து ஐந்நூறு ரூபாய் கட்டிவிட்டுப் போவதையும் ஒரே கிளையில் பார்த்திருக்கிறேன். ஏழ்மை மணவாழ்வைக் கெடுக்காது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அது நன்றாகவே கெடுக்கும். வருமானம் ஓர் அளவைத் தாண்டிய பிறகு மனநிறைவை முடிவு செய்வது தொகையைவிட மூன்று கேள்விகள் என்றே சொல்ல வருகிறேன். எவ்வளவு வருகிறது என்று இருவருக்கும் தெரியுமா? எவ்வளவு கடன் இருக்கிறது என்று இருவருக்கும் தெரியுமா? யாருக்காகச் செலவாகிறது என்பதில் இருவருக்கும் சொல் உண்டா?

மூன்றாவது கேள்வியில்தான் அமெரிக்க ஆய்வுகள் நமக்குப் பாதி வழி மட்டுமே வருகின்றன. அங்கே குடும்பப் பணம் என்றால் பெரும்பாலும் இரண்டு பேர் விஷயம். இங்கே கணவனின் சம்பளத்தில் தங்கையின் தலைப்பிரசவமும், தம்பியின் கல்லூரிக் கட்டணமும், அப்பாவின் கண் அறுவைச் சிகிச்சையும் இருக்கின்றன. மனைவியின் சம்பளத்தில் அவளுடைய அம்மாவுக்குக் கொடுக்க வேண்டிய மூவாயிரம், கொடுக்கலாமா கூடாதா என்ற கேள்வியோடு தொங்கிக்கொண்டிருக்கிறது. தாய்மாமன் சீர், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனைப் புகுவிழா என ஒவ்வொன்றுக்கும் செய்முறை உண்டு; அதில் குறைந்தால் ஊர் பேசும், கூடினால் வீடு பேசும். இவற்றுக்கெல்லாம் கணக்கு இல்லாமல் இல்லை. பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து மொய் விருந்துகளில் யார் எந்த ஆண்டு எவ்வளவு செய்தார்கள் என்பதைத் தலைமுறை கடந்தும் நோட்டில் காப்பாற்றுகிறார்கள். ஊரோடு இத்தனை துல்லியமாகக் கணக்கு வைத்திருக்கும் அதே வீட்டில், கணவனும் மனைவியும் தங்களுக்குள் கணக்குக் கேட்டால் அது நம்பாமை என்று ஆகிவிடுகிறது.

நான் அறிந்த ஒரு குடும்பத்தைப் பற்றி, ஊரையும் தொழிலையும் மாற்றிச் சொல்கிறேன். கணவர் ஓர் ஆலையில் மேற்பார்வையாளர். மனைவி வீட்டிலேயே தையல் வேலை பார்த்து வந்தார். ‘தம்பிக்குக் காலேஜ் பீஸ் கட்டணும், மூணே மாசத்துல மீட்டுடலாம்’ என்று கணவர் கேட்டபோது அந்தப் பெண் தன் ஏழு பவுன் ஆரத்தை மனமுவந்து கழற்றிக் கொடுத்தார். அன்று அவரும் கவுண்டருக்கு வந்திருந்தார். மதிப்பீட்டாளர் ஆரத்தை உரைகல்லில் தேய்த்து, அமிலச் சொட்டு விட்டுப் பார்த்து, எடை போட்டு, உறையிலிட்டு முத்திரை வைப்பதை அவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடன் கணவர் பெயரில். ஆண்டு முடிந்ததும் கணவர் வட்டியை மட்டும் கட்டிவிட்டு அதே நகையை மறுபடி வைத்தார். தங்கம் விலை ஏறியிருந்ததால் கூடுதல் தொகை கிடைத்தது, அதையும் வாங்கிக்கொண்டார். அடுத்த ஆண்டும் அப்படியே. இரண்டு லட்சமாக இருந்த கடன் மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ஆனது. மறுபடி வைப்பதற்குக் கடன்தாரரின் கையெழுத்துப் போதும் என்பதால் மனைவி வரவேண்டிய அவசியமே நேரவில்லை.

அண்ணன் மகளின் மஞ்சள் நீராட்டுக்கு ஆரம் வேண்டும் என்று மனைவி கேட்டபோதுதான் வீட்டில் பேச்சு வந்தது. கணவர் ஏதோ சமாதானம் சொல்ல, அவர் நேராக வங்கிக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். கடன் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். கணக்கு வேறொருவர் பெயரில் இருப்பதால் என்னால் சொல்ல முடியாது என்றேன். “என் நகைங்க மேடம், எனக்கே சொல்ல மாட்டீங்களா?” என்றார். வாடிக்கையாளர் இரகசியம் காப்பது எங்கள் கடமை. ஆகவே “அவரையும் கூட்டிட்டு வாங்கம்மா” என்பதற்கு மேல் என்னால் எதுவும் சொல்ல இயலவில்லை. அந்தக் கணவர் குடிக்கவில்லை, சூதாடவில்லை. கூடுதலாக வாங்கிய பணம் தம்பியின் அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்கும் தகப்பனாரின் மருத்துவமனைச் செலவுக்கும் போயிருந்தது. “கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே” என்று பின்னொரு நாள் அந்தப் பெண் சொன்னார். அதற்குள் நகை அபகரிப்பு, கொடுமை என்று மனு எழுதப்பட்டுவிட்டது. ஆலோசனை அமர்வுகளில் இருவருக்கும் விட்டுக்கொடுத்துப் போகும்படி சொல்லியிருக்கிறார்கள். அந்த நகைக்கடன் சீட்டை எடுத்து வாருங்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒன்பது சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் அந்தக் கடனுக்கு ஆண்டு வட்டி 30,600 ரூபாய், அதாவது மாதம் 2,550. இருவர் வருமானமும் சேர்த்து மாதம் 38,000 வந்த வீட்டில், இரண்டு ஆண்டில் மீட்பதென்றால் மாதம் பதினையாயிரத்துக்கு மேல் ஒதுக்க வேண்டும், முடியாது. நான்கு ஆண்டு என்றால், தம்பி வேலைக்குப் போனதும் பாதியை ஏற்றுக்கொள்வார் என்றால், முடியும். அல்லது வேறொரு சிறு நகையை விற்றுக் கடனைக் குறைத்துக்கொண்டு மிச்சத்தைத் தவணையில் கட்டலாம். இதைத் தாளில் போட்டுக் காட்ட ஒரு மணி நேரம் ஆகும். காட்டினால் அவர்கள் சேர்ந்து வாழ்ந்திருப்பார்கள் என்று நான் உறுதி சொல்லவில்லை. பிரிவதானாலும் எதற்காகப் பிரிகிறோம் என்று தெரிந்து பிரிந்திருப்பார்கள்.

சட்டம் இந்த இடத்தில் தெளிவாகவே இருக்கிறது. பெண்ணின் சீதன நகை அவளுடைய முழு உடைமை என்றும், நெருக்கடியில் கணவன் அதைப் பயன்படுத்தினாலும் திருப்பித் தரும் கடமை அவனுக்கு உண்டு என்றும் உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் கேரளத் தம்பதி ஒருவரின் வழக்கில் மறுபடியும் சொன்னது. நம் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில், சவூதி அரேபியாவில் வேலை பார்த்த கணவரின் வருமானத்தில் வாங்கிய சொத்துகள் பற்றிய வழக்கில், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் அந்தச் சம்பாத்தியத்தில் பங்கு பெற்றதே என்று கூறி அவருக்குச் சம உரிமையை ஏற்றது. வளைகுடாவுக்கு ஆளை அனுப்பிவிட்டுப் பணம் வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் ஊர்களில் இந்தத் தீர்ப்பை ஒலிபெருக்கி வைத்துப் படிக்கலாம். ஆனால் தீர்ப்பு வருவது சண்டை முற்றிப் பல ஆண்டுகள் கழித்து. அந்த வழக்கில் தம்பதியில் ஒருவர் காலமாகியே விட்டார்.

2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல காரியம் செய்தது. ஜீவனாம்சம் கோரும் வழக்குகளில் இரு தரப்பும் தங்கள் வருமானம், சொத்து, கடன், மாதச் செலவு, சார்ந்து வாழ்வோர் ஆகிய அனைத்தையும் உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று படிவத்தோடு ஆணையிட்டது. அந்தப் படிவத்தை வாங்கிப் படித்துப் பார்த்தேன். வங்கியில் வீட்டுக் கடன் கொடுப்பதற்கு நாங்கள் கேட்கும் கேள்விகளைவிட அது விரிவானது. பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த இருவர், ஒருவர் கடனை மற்றவர் முதன்முதலாக முழுசாகப் பார்ப்பது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையிலிருந்து அந்தப் பத்திரம் வரும்போதுதான் என்பது எனக்கு மிகவும் உறுத்துகிறது. அந்த நேரத்தில் அது உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. வருமானம் குறைத்துக் காட்டப்பட்டதா, செலவு கூட்டிக் காட்டப்பட்டதா என்பதே அடுத்த வாய்தாவின் விவாதமாகிறது.

இன்னொன்றையும் பாருங்கள். குறுங்கடன்களுக்காக ரிசர்வ் வங்கி 2022-இல் வகுத்த விதிகளின்படி, குடும்பம் என்றால் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள்; அந்தக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்குள் இருந்தால் அதற்கு ஈடின்றித் தரும் கடன் குறுங்கடன்; எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதம் கட்ட வேண்டிய தொகை குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. ஆகவே கடன் கொடுக்க வீட்டுக்கு வரும் ஆள் கணவன் மனைவி இருவரின் வருமானத்தையும் கடனையும் சேர்த்து ஒரே தாளில் எழுதுகிறார். கடன்காரர் கேட்டதும் சொல்கிற கணக்கை வாழ்க்கைத் துணை கேட்டால் சொல்வதில்லை. அந்தக் கடன் பெரும்பாலும் மனைவி பெயரில், செலவு பெரும்பாலும் கணவன் கையில், வாரத் தவணைக்குக் குழுவில் உட்கார்ந்து ஏச்சு வாங்குவது மறுபடியும் மனைவி என்பதை உங்கள் ஆலோசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மதுக்கடையையும் ஆன்லைன் சூதாட்டத்தையும் பற்றி எழுதப் புகுந்தால் மடல் வேறு பக்கம் போய்விடும். அவை பணத்தைத் தின்பது ஊருக்கே தெரிந்த செய்தி. நான் கவலைப்படுவது, யாரும் குற்றவாளியாகாமலே கெட்டுப்போகும் வீடுகளைப் பற்றி.

கூட்டுக் கணக்குத் தொடங்கினால் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. புதிதாக மணமானவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலரைக் கூட்டுக் கணக்கும் சிலரைத் தனிக் கணக்கும் வைக்கச் சொல்லி இரண்டு ஆண்டு தொடர்ந்து பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2023-இல் வெளியானது; கூட்டுக் கணக்கு வைத்தவர்களின் உறவு, காலப்போக்கில் வழக்கமாக ஏற்படும் தளர்ச்சியைத் தாக்குப்பிடித்தது. நல்ல செய்திதான். ஆனால் நம் கிளைகளில் கூட்டுக் கணக்கு நடக்கும் விதம் வேறு. ‘இருவரில் எவரேனும் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்று படிவத்தில் குறித்து, மனைவியிடம் மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கி, பதிவு செய்வது கணவரின் கைப்பேசி எண்ணை மட்டும். பணம் வந்தாலும் போனாலும் குறுஞ்செய்தி போவது ஒரே கைப்பேசிக்கு. பாஸ்புக் பதிவு போட வருபவர்களும் குறைந்துவிட்டார்கள். எல்லாம் ஜிபே, போன்பே. பெயரளவில் கூட்டுக் கணக்கு, பார்வையளவில் தனிக் கணக்கு. வயதான பெண்களின் ஏடிஎம் அட்டை மகன் சட்டைப் பையில் இருப்பதும், இரகசிய எண் அட்டை உறையிலேயே பேனாவால் எழுதப்பட்டிருப்பதும் எங்களுக்கு அன்றாடக் காட்சி.

இவ்வளவும் சொல்லிவிட்டு, மணமுறிவுகளின் எண்ணிக்கையைக் குறைப்பதற்காக இதைக் கேட்கிறேன் என்று தோன்றிவிடக் கூடாது. கையில் காசும் தன் பெயரில் கணக்கும் இல்லாததால் பிரிவதைப் பற்றி நினைக்கவே துணியாத பெண்களின் மணவாழ்வும் வெளிப்பார்வைக்கு உறுதியாகத்தான் தெரியும். அந்த உறுதியைக் காப்பாற்றித் தருமாறு நான் யாரையும் கேட்க மாட்டேன். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பொருளாதார வன்முறையையும் வன்முறை என்றே வரையறுத்திருக்கிறது. வீட்டுச் செலவுக்கும் தராமல் இருப்பது, சீதனத்தை விற்றுத் தின்பது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது ஆகியவற்றைப் ‘பணத் தகராறு’ என்று பெயரிட்டு அனுசரித்துப் போகச் சொல்வது ஆலோசனை ஆகாது. கணக்குத் தெரிந்த ஒருவர் அறையில் இருந்தால் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியும். கடனில் மாட்டிக்கொண்டு வெட்கத்தால் மறைத்தவர் ஒருவர். அதிகாரத்துக்காகப் பணத்தைக் கட்டி வைத்தவர் இன்னொருவர். மனுவில் இருவரும் ஒரே மாதிரி தெரிவார்கள், வங்கி அறிக்கையில் அப்படித் தெரிய மாட்டார்கள். 2023 செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை பெண்களின் கணக்குக்கு நேராக வருவதால், தன் பெயரில் வங்கிக் கணக்கு என்ற ஒன்றை இப்போதுதான் பயன்படுத்தத் தொடங்கியிருக்கும் பெண்கள் ஏராளம். ஆயிரம் ரூபாயில் ஒரு வீடு நடக்காது. ஆனால் கணக்கைப் பார்க்கும் பழக்கம் அங்கே தொடங்குகிறது.

இனி வேண்டுகோளின் நடைமுறைக்கு வருகிறேன். 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் 9-ஆம் பிரிவில் சமரசத்துக்கு முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாக வைக்கிறது. 12-ஆம் பிரிவில், குடும்ப நலனுக்காகப் பணிபுரிபவர் உட்படப் பொருத்தமான எவருடைய உதவியையும், இயன்றவரை பெண்ணாக இருப்பின் நல்லது என்ற குறிப்போடு, நீதிமன்றம் பெற்றுக்கொள்ளலாம் என்கிறது. புதுச் சட்டம் ஒன்றும் தேவையில்லை. மாவட்டத் தலைநகரங்களில் முன்னோடி வங்கியின் மேற்பார்வையில் நிதிசார் கல்வி மையம் இருக்கிறது. அங்கே ஆலோசகராக இருப்பவர் பெரும்பாலும் என்னைப் போல ஓய்வுபெற்ற வங்கிக்காரர். அவர் ஊர் ஊராகப் போய்ச் சேமிப்பு, காப்பீடு, இணைய மோசடி பற்றி முகாம் நடத்துகிறார். அதே ஊரில் குடும்பநல நீதிமன்றமும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் இருக்கின்றன. நிதிசார் கல்வி மையமும் இவ்விரண்டு அலுவலகங்களும் ஒன்றையொன்று அறியாமல் இயங்குவதற்கு, யாரும் இதுவரை கடிதம் எழுதவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. வாரத்தில் ஒரு நாள் அந்த ஆலோசகர் நீதிமன்ற ஆலோசனைப் பிரிவில் அமரட்டும். முதல் அமர்வுக்கு வரும்போது இருவரும் கடந்த ஓராண்டு வங்கி அறிக்கையையும், நகைக்கடன் சீட்டுகளையும், கடன் தகவல் அறிக்கையையும் கொண்டு வரட்டும். சிபில் முதலான கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் நடப்பில் இருக்கும் விதி. ஆகவே ஒரு ரூபாய் செலவில்லை. அன்றைய அமர்வில் பேசப்படுவது வழக்கின் ஆவணமாகாது என்ற உறுதியையும் நீங்கள்தான் தர வேண்டும். இல்லாவிட்டால் ஒருவரும் உண்மை பேச மாட்டார்கள்.

தனியுரிமை என்ன ஆவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அதனால்தான் கட்டாயமாக்கச் சொல்லவில்லை, இருவரும் இசைந்தால் மட்டும் என்கிறேன். மறைப்பவர்கள் மறைக்கத்தானே செய்வார்கள் என்றும் கேட்பீர்கள். மறைப்பார்கள். ஆனால் கைக்கடனும் சீட்டுப் பணமும் வங்கி அறிக்கையில் நேரடியாகத் தெரியாவிட்டாலும், மாதம் பிறந்து மூன்றாம் நாளே சம்பளம் முழுவதும் ரொக்கமாக எடுக்கப்பட்டிருப்பது தெரியும். அதைப் பார்த்து என்ன கேட்க வேண்டும் என்று அனுபவப்பட்ட வங்கிக்காரருக்குத் தெரியும். ஆலோசகர்களின் வேலையில் தலையிடுவதாக நினைக்க வேண்டாம். மனம் உடைந்து அழும் ஒருவரைத் தேற்ற எனக்குத் தெரியாது. ஈஎம்ஐ கணக்கைப் பார்த்தால் பதற்றமடையும் ஒருவரிடம் அதை விளக்க உங்களில் பலருக்கு நேரமில்லை.

திருமணத்துக்கு முன்பே இதைச் செய்யலாமே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கத்தோலிக்கக் குடும்பங்களில் மணமக்கள் திருமணத் தயாரிப்பு வகுப்புக்குப் போவது வழக்கம். மற்றவர்களில் பலருக்கு அப்படி ஓர் இடம் இல்லை. நமக்குப் பொதுவான இடம் சார்பதிவாளர் அலுவலகம். 2009-ஆம் ஆண்டின் சட்டப்படி எல்லாத் திருமணங்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதால் புதுத் தம்பதியர் பலர் அங்கே வருகிறார்கள். அவர்கள் கையில், ரஜ்னேஷ் தீர்ப்பின் படிவத்தைச் சுருக்கி, ஒரு வெற்றுப் படிவத்தை உங்கள் சட்டத் தன்னார்வலர்கள் கொடுக்கலாம். எந்த அலுவலகத்திலும் தாக்கல் செய்ய வேண்டியதில்லை. வீட்டில் இருவரும் நிரப்பி, பீரோவில் வைத்துக்கொள்ள வேண்டியது. இருவர் வருமானம், திருமணத்துக்காக வாங்கிய கடன் உட்பட எல்லாக் கடன், இரு பக்கத்துப் பெற்றோருக்கும் மாதாமாதம் தர நினைக்கும் தொகை, எந்த நகை யாருடையது, எந்தக் கணக்கின் குறுஞ்செய்தி எந்தக் கைப்பேசிக்கு வரும் என்ற ஐந்து தலைப்புகள் போதும்.

அப்படி ஒரு படிவத்தைத் தமிழில் இரண்டு பக்கத்துக்குள் தயாரித்து வைத்திருக்கிறேன். ஆலோசனை அமர்வுக்கான கேள்விப் பட்டியல் ஒன்றும் தயாராக இருக்கிறது. இரண்டையும் திருத்தவோ மாற்றவோ ஆணைக்குழுவுக்கு முழு உரிமை உண்டு. எல்லா மாவட்டங்களிலும் உடனே தொடங்க வேண்டும் என்று கேட்கவில்லை. குடும்பநல நீதிமன்றமும் நிதிசார் கல்வி மையமும் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஏதேனும் ஒரு மாவட்டத்தில், ஆறு மாதத்துக்கு நடத்திப் பாருங்கள். அந்த மாவட்டச் செயலாளர் முன்னோடி வங்கி மேலாளருக்கு எழுத வேண்டிய கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. என் போல் ஓய்வுபெற்றவர்கள் பலர் பயணப்படிகூட வாங்காமல் வரத் தயாராக இருக்கிறோம். பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்,
முன்னாள் நிதிசார் கல்வி ஆலோசகர்